தக்கை வைத்த சப்பாத்து

சுந்தரலிங்கம்: ...அதுக்காக ஓரத்துப் புல்லுலயா நடப்ப? ரோட்டுக்கு வா பரிமளம்.

பரிமளம்: எதுக்க வர்றவங்க எல்லாரும் மொகத்தைப் பாக்காம காலைப் பாக்குறாங்க. புல்லுல நடந்தா சப்பாத்து தெரியாதுல்ல.

சுந்தரலிங்கம்: பாக்கட்டும். பதுளைக் கடைத்தெருவுல பாதிப் பேரு நேத்தே பாத்தாச்சு.

பரிமளம்: பாத்தாங்க, பாத்தாங்க. வெத்தலைக்கடை ரஹ்மத்தும்மா என்ன கேட்டா தெரியுமா? “தொரசாணியம்மா, குதிரை எங்க?”ன்னு.

சுந்தரலிங்கம்: நீ என்ன சொன்ன?

பரிமளம்: குதிரை கடைக்குள்ள சேலை மடிச்சுக்கிட்டு இருக்குன்னேன்.

சுந்தரலிங்கம்: ...என்னையா சொன்ன?

பரிமளம்: நம்ம கடையில சேலை மடிக்க வேற யாரு இருக்கா.

சுந்தரலிங்கம்: சரி, பொண்டாட்டி வாயில குதிரையாவது ஆனேனே. வலி எப்பிடி இருக்கு? உண்மையச் சொல்லு.

பரிமளம்: உண்மையச் சொன்னா... கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளயே முழங்கால்ல ஊசி குத்த ஆரம்பிச்சுடும். இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்தும் குத்தல. உள்ளங்கால்லதான் யாரோ கட்டைவிரலை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு.

சுந்தரலிங்கம்: அது தக்கை. இப்றாஹீம் நானா சொன்னாரே, மொதல்ல அப்பிடித்தான் இருக்கும்னு.

பரிமளம்: பாவம் மனுசன். அந்தத் தக்கையை எத்தனை தடவை சீவுனாரு. உள்பக்கம் உசரமா, வெளிப்பக்கம் சன்னமா. சீவுறதும், தோலுக்கு அடியில வச்சுப் பாக்குறதும், “நடந்து காட்டுங்க தங்கச்சி”ங்கறதும்... சப்பாத்துக்கடை வாசல்ல கூட்டம் கூடிப்போச்சு.

சுந்தரலிங்கம்: டாக்டர் ஐயா சொன்னது உனக்கு வெளங்குச்சா? நான் பாதிதான் வெளங்கித் தலையாட்டுனேன்.

பரிமளம்: எனக்கு முழுசா வெளங்குச்சு. என் காலாச்சே. ஈரக்காலோட பலகையில மிதிக்கச் சொன்னாரு. மத்தவங்க மிதிச்சா குதிகாலும் முன்னங்காலும் பதிஞ்சு, நடுவுல உள்பக்கம் காஞ்சு கெடக்கும். எனக்கு...

சுந்தரலிங்கம்: தோசை.

பரிமளம்: ஆமா, தோசை. ஊத்துன மாதிரி முழுசா. நான் எந்திரிச்சு நின்னா உள்ளங்கால் வளைவு அப்பிடியே உக்காந்துடுதாம். அது உக்கார, கணுக்கால் உள்பக்கமா சாயுது. கணுக்கால் சாய, முழங்காலும் கூடவே உள்ள திரும்புது. அப்புறம் இடுப்பு. ஒவ்வொரு அடிக்கும் இதே கதை. என் பழைய செருப்பைத் திருப்பிக் காட்டுனாரு பாருங்க... உள்விளிம்பு தேஞ்சு ஓட்டை, வெளிவிளிம்பு வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு.

சுந்தரலிங்கம்: அதை வாங்கிக் குடுத்தவன் நான். தேச்சுத் தேச்சு நடக்குறன்னு திட்டுனேன்.

பரிமளம்: திட்டுனீங்க.

சுந்தரலிங்கம்: அந்த ஓட்டையைக் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் திட்டுனேன்.

பரிமளம்: விடுங்க. பொறவியே அப்பிடி. இந்தத் தக்கையும் காலைத் திருத்தாதாம். சாய விடாம தாங்கிக்குமாம், அவ்வளவுதான். கழட்டுனா பழையபடி ஆயிடும்.

சுந்தரலிங்கம்: சின்ன வயசுலயே யாராவது பாத்திருந்தா...

பரிமளம்: சின்ன வயசுல என் காலை யாரு பாத்தா. மூக்கு எடுப்பா இருக்கா, முடி நீளமா இருக்கான்னு பாத்தாங்க. நீங்களும் அதைத்தானே பாத்தீங்க.

சுந்தரலிங்கம்: உக்கார வச்சுத்தானே காட்டுனாங்க.

பரிமளம்: அதுவும் சரிதான்... ஒண்ணு கேக்கட்டுமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் நடையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. திடீர்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக எப்பிடித் தோணுச்சு?

சுந்தரலிங்கம்: ஆஸ்பத்திரிக்கு வேற வேலையாப் போனேன். அங்க ஒரு பொலிஸ்காரனை அந்தப் பலகையில ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஈரத்தடத்தைப் பாத்ததும் திக்குன்னு ஆச்சு. நீ குளிச்சுட்டு வந்தா நம்ம வீட்டுக் கருங்கல்லுல விழுமே, அதே தடம்.

பரிமளம்: என்ன வேலை?

சுந்தரலிங்கம்: என்னது?

பரிமளம்: ஆஸ்பத்திரியில.

சுந்தரலிங்கம்: ...கம்பளி. வார்டுக்குக் கம்பளி வேணும்னு சொல்லியனுப்பியிருந்தாங்க. பாத்து வா, இந்த இடம் வழுக்கும்.

பரிமளம்: நான் பாத்துத்தான் வர்றேன். நீங்க ஏன் நின்னுட்டீங்க?

சுந்தரலிங்கம்: உனக்காகத்தான்.

பரிமளம்: நான் உங்களுக்கு முன்னால நிக்கிறேன்.

சுந்தரலிங்கம்: ...மூச்சு வாங்குது. ஏத்தம்ல.

பரிமளம்: ஹாலிஎலவே இன்னும் தாண்டல. ஏத்தம் எங்க வந்துச்சு?

சுந்தரலிங்கம்: பேசிக்கிட்டே நடக்குறோம்ல, அதான். ரயில் பாதை பதுளை வரைக்கும் வந்துட்டா இந்த நடையெல்லாம் மிச்சம். ஹாலிஎலயில எறங்குனா நேரா ஊத்துமலைத் தோட்டந்தான். சொகமாப் போயிட்டு வருவ.

பரிமளம்: நான் போயிட்டு வருவேன். நீங்க?

சுந்தரலிங்கம்: நானுந்தான்... நீ முன்னால போறதைப் பாக்கவே புதுசா இருக்கு. எப்பவும் நான்தான் திரும்பித் திரும்பிப் பாத்து வா, வான்னு கத்திக்கிட்டுப் போவேன்.

பரிமளம்: திரும்பியா பாத்தீங்க?

சுந்தரலிங்கம்: ...கதிர்காமத்தைச் சொல்ற.

பரிமளம்: நான் எதையும் சொல்லல. நீங்கதான் எடுக்குறீங்க.

சுந்தரலிங்கம்: அன்னைக்கு உன்னை விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது நான்.

பரிமளம்: பிள்ளை வேணும், நடந்தே வர்றோம்னு நேந்துக்கிட்டது ரெண்டு பேரும். வெல்லவாயவுக்கு அந்தப் பக்கம் என்னால காலை ஊண முடியல. கணுக்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. நிமிந்து பாத்தா உங்க துண்டுகூடக் கண்ணுல படல.

சுந்தரலிங்கம்: பின்னால பொம்பளைங்களோட வருவன்னு நெனச்சேன்.

பரிமளம்: அவங்களும் எவ்வளவு நேரந்தான் நிப்பாங்க. வண்டி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சு. ஏறித் திரும்பிட்டேன். உங்கம்மா சாகுற வரைக்கும் அதை விடல. பாதி வழியில திரும்புனவளுக்கு முருகன் எப்பிடிக் குடுப்பான்னு... நல்லது கெட்டதுக்கு யாரு வந்தாலும் அந்தக் கதைதான்.

சுந்தரலிங்கம்: அம்மாவை நான் ஒரு வார்த்தை தடுத்திருக்கணும்.

பரிமளம்: நீங்க வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

சுந்தரலிங்கம்: மறைச்சு என்ன ஆகப் போகுது. உனக்குச் சோம்பல்னு நானும் நெனச்சேன் பரிமளம். பக்தி பத்தலன்னும் நெனச்சேன்.

பரிமளம்: நானே அப்பிடித்தானே நெனச்சேன். எல்லாருக்கும் ரெண்டு காலு, எல்லாரும் நடக்குறாங்க. எனக்கு மட்டும் முடியலன்னா எனக்குத்தான் மனசு இல்ல போலிருக்கு, பிள்ளை மேல ஆசைகூட அவ்வளவுதான் போலிருக்குன்னு... அந்தப் பலகையைக் காட்டுனப்ப அழுதேன்ல, வலியிலன்னு நெனச்சு நீங்க தண்ணி வாங்கிட்டு வந்தீங்க.

சுந்தரலிங்கம்: வலியில இல்லையா?

பரிமளம்: எலும்புல உள்ள கோளாறுதான்னு தெரிஞ்சுதே, அதுக்கு அழுதேன். உங்கம்மா இருந்திருந்தா அந்தப் பலகையைத் தூக்கிட்டு வந்து முன்னால வச்சிருப்பேன்.

சுந்தரலிங்கம்: வச்சிருக்க மாட்ட.

பரிமளம்: ...வச்சிருக்க மாட்டேன்.

சுந்தரலிங்கம்: இந்தா, இந்த மதகு. இதுக்கு இடது கைப்பக்கமா ஒரு குறுக்குப் பாதை ஏறுது பாரு. தேயிலைக்கு நடுவுல போனா ஊத்துமலைத் தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயம். வண்டிப் பாதையில போனா சுத்து. ஞாபகம் வச்சுக்க.

பரிமளம்: நான் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? நீங்க இருக்கீங்கள்ல.

சுந்தரலிங்கம்: சும்மா சொன்னேன். மேல் லயத்து நாய் குரைக்கும், கடிக்காது. கீழ் லயத்து நாய் குரைக்காது.

பரிமளம்: கடிக்குமா?

சுந்தரலிங்கம்: என் பழைய வேட்டிங்களைக் கேளு. அப்புறம், லயத்துல பெரியாயின்னு ஒருத்தி இருக்கா. சேலையை மொதல்ல அவ வீட்டு வாசல்ல விரி. அவ ஒண்ணு எடுத்தாத்தான் மத்தவங்க கை வைப்பாங்க. பச்சையையும் மாம்பழக் கலரையும் மேல வை. செவப்பை அடியில வை. அதைத்தான் எல்லாரும் தேடுவாங்க. தேட விடணும்.

பரிமளம்: விரி, வை, தேட விடு... நான்தான் விக்கப் போற மாதிரி சொல்றீங்க. எப்பவும் மூட்டை உங்க தோள்லதானே ஏறும்? இன்னைக்கு மட்டும் தோட்டத்து அரிசி வண்டியில அனுப்பியிருக்கீங்க.

சுந்தரலிங்கம்: தூறல் போடுதுல்ல, நனைஞ்சுடும். அட்டை ஏறுதா பாரு கால்ல.

பரிமளம்: சப்பாத்துக்குள்ள அதால வர முடியாது. உங்க காலைப் பாருங்க... குனியாதீங்க, நான் எடுக்குறேன்.

சுந்தரலிங்கம்: நானே எடுப்பேன்.

பரிமளம்: குனியாதீங்கன்னேன். மெதுவா வாங்க. லயம் தெரியுது.

பெரியாயி: வாங்க மொதலாளி, வாங்கம்மா. மூட்டையை வண்டிக்காரரு வெள்ளனவே எறக்கி வச்சுட்டுப் போயிட்டாரு. இவங்கதான் ஒங்க வீட்டம்மாவா?

சுந்தரலிங்கம்: ஆமா பெரியாயி. பேரு பரிமளம். இனிமே... இவங்களும் வருவாங்க. எனக்குக் குடுக்குற மரியாதையை இவங்களுக்கும் குடுக்கணும்.

பெரியாயி: அதுக்கென்னங்க. ஒக்காருங்கம்மா. காலுக்கு என்னங்கம்மா, சப்பாத்துப் போட்டிருக்கீங்க?

பரிமளம்: கணுக்கால் உள்ள சாயுது பெரியாயி. இதுக்குள்ள தக்கை வச்சுத் தச்சிருக்கு. சாயாம நிறுத்துது.

பெரியாயி: எம் மகளுக்கும் அப்பிடித்தாங்கம்மா சாயும். கூடை நெறஞ்சா நடக்க மாட்டா. இடுப்பொடிஞ்ச கழுதைன்னு கங்காணி வைவாரு.

பரிமளம்: பதுளைக்குக் கூட்டிட்டு வா. இப்றாஹீம் நானா தச்சுக் குடுப்பாரு.

பெரியாயி: தச்சுக் குடுத்து என்னங்கம்மா, கங்காணி முன்னால நாங்க செருப்புப் போடலாமா?

பரிமளம்: காலையில பெரட்டுல பேரு கூப்பிடும்போது கழட்டிட்டு, மலைக்குப் போயி போட்டுக்கலாமே.

பெரியாயி: மலையிலதாங்கம்மா கங்காணி நிப்பாரு. அது கெடக்கட்டும். மொதலாளிக்கு இப்பத் தேவலைங்களா? போன மாசம் இந்தப் படியில ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்லைங்கம்மா. ஒதடெல்லாம் கறுத்து, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு...

சுந்தரலிங்கம்: பெரியாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா.

பெரியாயி: நானும் எம் மகளுந்தான் தாங்கிப் புடிச்சு...

சுந்தரலிங்கம்: தண்ணி கேட்டேன்.

பெரியாயி: இந்தா, தண்ணி விழுற பீலிக்குப் போயி புடிச்சாறேனுங்க.

சுந்தரலிங்கம்: ...ஒண்ணைப் பத்தாச் சொல்லுவா அவ. அன்னைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி.

பரிமளம்: போன மாசம் பூரா மழையில்ல பேஞ்சுது.

சுந்தரலிங்கம்: ...சப்பாத்தைக் கழட்டு. காலு எப்பிடி இருக்குன்னு பாப்போம்.

பரிமளம்: வேணாம். விடுங்க.

சுந்தரலிங்கம்: காட்டு... என்ன பரிமளம் இது? தக்கை இருந்த இடம் பூரா தோல் உரிஞ்சு கெடக்கு. வலிக்கலன்னு சொன்னியே.

பரிமளம்: முழங்கால் வலிக்கலன்னு சொன்னேன்.

சுந்தரலிங்கம்: மொதல்ல வீட்டுக்குள்ள போட்டுப் பழகு, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்க, அதுவரைக்கும் தூரம் நடக்காதன்னு டாக்டர் சொன்னாரு. நான் மறந்துட்டேன். உனக்கு எங்க போச்சு புத்தி? நாளைக்கு ஊத்துமலைக்குப் போவமான்னு நான் கேட்டதும் சரின்னுட்ட.

பரிமளம்: நீங்க மறக்கல. ஆஸ்பத்திரிக்குக் கம்பளிக்காகவும் போகல.

சுந்தரலிங்கம்: யாரு சொன்னா?

பரிமளம்: டாக்டர்தான். எனக்குச் சப்பாத்தெல்லாம் வேணாம்னு அடம்பிடிச்சேன்ல, அன்னைக்கு. நீங்க கோவத்துல வெளிய போயிட்டீங்க. “உங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்குக் குடுத்த மருந்தை ஒழுங்காக் குடிக்கிறாரா, இன்னும் மலை ஏறுறாரா?”ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டாரு. நானும் தெரிஞ்ச மாதிரியே தலையாட்டுனேன்.

சுந்தரலிங்கம்: நான் திரும்பி வந்தப்ப, சப்பாத்துக்கு அளவு எடுக்கச் சொல்லுங்கன்னு சொன்ன. நான் போட்ட சத்தத்துலதான் மனசு மாறிட்டன்னு நெனச்சேன்.

பரிமளம்: என் வலிக்காகன்னா நொண்டிக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். நீங்க ஏறக் கூடாதுன்னா யாராவது ஏறணும்ல.

சுந்தரலிங்கம்: அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். சொல்ல வாய் வரல. இத்தனை வருசம் உன் காலை ஏறிட்டுப் பாக்காதவன், இப்ப என் தேவைக்குப் பாத்தேன்னு நீ நெனச்சுடக் கூடாதேன்னு...

பரிமளம்: அப்பிடி நெனைக்கல. இன்னும் கொஞ்சம் முன்னாலயே பாத்திருக்கலாமேன்னுதான் நெனச்சேன்.

சுந்தரலிங்கம்: ...நான் இன்னும் எவ்வளவு காலம் இருப்பேன்னு டாக்டர் ஏதாவது சொன்னாரா? நான் கேக்கல. பயமா இருந்துச்சு.

பரிமளம்: நான் கேட்டேங்க. அதனாலதான், காலு பழகட்டும், தைக்கு அப்புறம் போகலாம்னு சொல்லாம இன்னைக்கே வந்தேன்.