சினியோறாவின் பனிப்பூக் கிழங்குகள்

பலெர்மோவில் பனிப்பூ வளர்க்க முடியாது என்று சொல்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள்.

இத்தாலியின் வடக்கே பனி விழும் ஊர்களில் அது தானாகவே முளைக்கும். சின்ன வெள்ளை மணியைப்போலத் தலைகுனிந்து நிற்கும். இங்கே டிசம்பரிலும் வெயில். நான் வேலை செய்த வீட்டு எசமானி, சினியோறா என்றுதான் கூப்பிடுவேன், வடக்கில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே ஒரேத்தோத் தெருவுக்கு வந்து நாற்பது வருடம். பெப்ரவரியில் தன் தோட்டத்தில் அந்தப் பூவைப் பார்க்கவேண்டும், அவருக்கு வேறு ஆசையில்லை. அவருடைய தங்கை வருடாவருடம் கிழங்குகளைத் தபாலில் அனுப்புவார். மூன்று வருடம் வெறும் மண்தான். நாலாம் வருடம் நான் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் எட்டு வாரம் வைத்து, பிறகு நிழல் சுவரோரம் தொட்டியில் நட்டு, காலைதோறும் ஐஸ்கட்டி போட்டேன். பதினொரு பூ. சினியோறா என் கன்னத்தில் தட்டினார். "நஞ்சு, சுவாமி, கையைக் கழுவு" என்று நான் கிழங்கைத் தொடும் ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் கழுவுவேன்.

என் முழுப்பெயர் சுவாம்பிள்ளை. யாழ்ப்பாணம் பெரியகடையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். மூட்டையின் வாயில் நல்லது இருக்கும், அடியில் அழுகல் இருக்கும். வெங்காயம் விற்ற என் அப்பு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அடியில் என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வார், கேட்காதவனுக்குத் தேநீர் கொடுப்பார்.

பேனாட்டை அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தது நான்தான். மன்னார்க்காரன். பலறோச் சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கிடையில் மயங்கி விழுந்து கிடந்தான். இதயம் மெதுவாக அடிக்கிற வருத்தம்; குளிசை எடுப்பவன். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று சினியோறா கேட்டார், இவன் கையில் ருசி இருந்தது. சிரிக்கவும் வைப்பான். எட்டு மாதத்தில் சினியோறாவுக்கு அவன் 'பெர்னார்தோ' ஆகிவிட்டான்.

தொண்ணூற்றைந்து கடைசியில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாதவர்களுக்கு அரசாங்கம் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. வேலை கொடுப்பவர் ஒப்பமிடவேண்டும். சினியோறா ஒருவருக்குத்தான் ஒப்பமிடுவேன் என்றார். நான் அங்கே ஏழு வருடம். "நீ தனி ஆள், சுவாமி, பொறுத்துக்கொள்வாய். பெர்னார்தோவுக்கு மனைவி இருக்கிறாள்" என்றார். நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன்.

"அண்ணை, கோவமோ?" என்று பேனாட் கேட்டான்.

"கோவிச்சு என்ன? பூவுக்கு ஐஸ் போட ஒரு ஆள் வேணுமெண்டு என்னை விட்டிட்டா."

"கடதாசி வரட்டும், முதல் வேலை அமலினியைக் கூப்பிடுறதுதான். அவள் வந்து ஆட்டிறைச்சி வைச்சா நீங்கள் இஞ்சையிருந்து போகமாட்டியள், பாருங்கோ."

டிசம்பர் பதின்மூன்று சாந்தா லூச்சியா திருநாள். அன்றைக்குப் பலெர்மோவில் ஒருவரும் பாணையும் பாஸ்தாவையும் தொடமாட்டார்கள்; ஊரே அரிசி தின்னும். சினியோறாவை மருமகன் காலையிலேயே அழைத்துப் போய்விட்டார். பேனாட்டுக்குச் சந்தோசம். சோறு, மீன் குழம்பு என்றான். சின்ன வெங்காயம் கிடைக்காத ஊர் இது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் செய்தித்தாள் பொட்டலத்தைக் கண்டதும் புதையல் எடுத்தவன் மாதிரி நின்றான். பழுப்புத் தோல், உள்ளே வெள்ளை, அதே அளவு. யாரும் ஏமாறலாம், ஊரை நினைத்து ஏங்குகிறவன் நிச்சயம் ஏமாறுவான். மூன்று மணிக்கு வாந்தி, ஐந்துக்கு முடிந்துவிட்டது. டாக்டர் இதயம் என்று எழுதினார். சினியோறா அழுதார், ஜனவரியில் எனக்கு ஒப்பமிட்டார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் நீங்கள் மறுபடியும் கேட்கிறீர்கள், ஐயா, கேட்டவருக்குப் பதில் சொல்வது என் பழக்கம்.

அவன் உரிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணை, இதுக்கு மணமும் இல்லை, கண்ணும் எரியேல்லை. இத்தாலி வெங்காயத்துக்கு ஆக்களை அழவைக்கவும் தெரியாதோ? வெங்காயந்தானே இது?" என்றான்.

"ஓம். குளிருக்குள்ளை கிடந்தது, மணம் செத்துப்போச்சு" என்றேன்.

எனக்கு வயிறு சரியில்லை என்றும் சொன்னேன். அவன் என் பங்கையும் தன் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டான். நான் வற்புறுத்தவில்லை.

வாந்தியோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றான். "கடதாசி இல்லாமல் போனியெண்டா நேரே கெஸ்தூராப் பொலிசிலை குடுத்திடுவாங்கள். நாளைக்குப் பிளேனிலை ஏத்துவாங்கள். அமலினியை நினைச்சுப் பார், கொஞ்சம் பொறு" என்றேன். நம்பினான், அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. இரண்டு வருடம் முன்பு என் கை கிழிந்தபோது அதே ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். கடதாசியை ஒருவரும் கேட்கவில்லை. அவன் என்னிடம் அதைப் பற்றி விசாரித்ததில்லை.

நாலரை மணி இருக்கும், அவனுக்கு யோசனை மாறியது. பிளேனில் ஏற்றினாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கலாம். நடைவழியில் தொலைபேசி இருந்த மேசைவரைக்கும் தவழ்ந்து போனான். நான் கூடவே போனேன். வயரைப் பிடுங்கினேன் என்று யாரும் சொல்லமுடியாது. அவன் மேசைப் பக்கம் கையை நீட்டினான், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையை நீட்டினான், அதையும் பிடித்துக்கொண்டேன். பலம் குறைந்துபோயிருந்தான், அதிகம் சிரமம் இல்லை.

அமலினிக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஐயா. உங்கள் கணவர் தனியாகச் சாகவில்லை, கடைசி மூச்சுவரை அவர் கைகளை நான் விடவேயில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன்.