அலைகிற கருப்பை

— கதவைத் தட்டாத மலரு. உங்கப்பா வெளியில தாழ்ப்பாப் போட்டுட்டுத்தான் கல்யாணப் பந்தல்காரனைப் பாக்கப் போயிருக்காரு. என்னையும் சேத்து அடைச்சுட்டாரு.

— நீங்க ஏனுங்கக்கா அவருகிட்ட வாயைக் குடுத்தீங்க? நர்ஸு வேலை பாக்கறவ வந்து கல்யாணத்தை நிறுத்துன்னா, சும்மா உடுவாரா?

— அடிக்கடி வலிப்பு வந்து உழுகற புள்ளைய, ஒரு ஸ்கேன்கூட எடுத்துப் பாக்காம, நாளைக்குத் தாலி கட்டி மாப்பிள்ளை ஊரு கொட்டச்சேட்டுக்கு அனுப்பறேங்கறாரு. பேசாம இருக்கச் சொல்றயா?

— அப்பா கூட்டிட்டுப் போன அந்த டாக்டரு வலிப்புன்னு சொல்லலீங்களே. ஹிஸ்டீரியான்னாரு. கட்டிக்குடுத்தா சரியாப் போயிருமாம்.

— அது கிரேக்கப் பேச்சுல இருந்து வந்த வார்த்தை கண்ணு. ஹிஸ்டரான்னா அவங்களுக்குக் கருப்பை. புள்ளையில்லாத கருப்பை உடம்புக்குள்ள அலையும், நெஞ்சுல ஏறி மூச்சை அடைக்கும்னு அந்தக் காலத்து வைத்தியனுங்க நம்புனாங்க.

— அய்யே! அதென்ன ஆடா மாடா, அவுத்துக்கிட்டுத் திரியறதுக்கு?

— கேளு. மூக்குகிட்ட கெட்ட நாத்தம் காட்டுனா பயந்துக்கிட்டுக் கீழ எறங்கிருமாம்.

— அப்பா செருப்பை மோந்து பாக்க வெக்கறாரே, அது மாதிரியா? அந்தக் கிரேக்கத்தானுக்கும் எங்கப்பாவுக்கும் என்னங்கக்கா, பங்காளி ஒறவா?

— அப்புறம் பொம்பளை அழுதாலும் அதே பேரு, கத்துனாலும் அதே பேரு, சத்தமாச் சிரிச்சாலும் அதே பேரு. இப்ப டாக்டருங்க பொஸ்தகத்துல இருந்தே அதை எடுத்துட்டாங்க. கல்யாணம் பண்ணு, புள்ளை பெத்துக்கோன்னு அவனுங்க சொன்ன வைத்தியம் மட்டும் இன்னும் போகமாட்டேங்குது.

— எங்கம்மாவுக்கும் இது வந்துட்டிருந்து, புள்ளை பெத்ததுலதானுங்களே நின்னுச்சு! என்னைப் பெத்ததுக்கப்புறம் ஒருவாட்டிகூட வரலையாம். அதைச் சொல்லித்தான் அப்பா எல்லாரு வாயையும் அடைக்கறாரு. எனக்கே பாதி நம்பிக்கை வந்துருச்சுங்கக்கா. ஆனா நொம்பப் பயமாவும் இருக்குது. அந்த ஊட்டுல அடுப்புகிட்ட நிக்கறப்ப வந்துச்சுன்னா?

— உஷ்! வெளியில ஆரோ நிக்கறாங்க. வெள்ளையம்மா பெரியம்மா, நீங்களா?

— ஆமா தீபிகா, நாந்தான். நொம்ப நேரமா இங்கதான் நிக்கறேன்.

— கதவைத் தெறங்க பெரியம்மா. இன்னும் பஸ்ஸு இருக்குது, மலையெறங்கிச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்.

— அம்மா, அப்பாவுக்குப் பயந்தீன்னா தெறக்க வேண்டாம். உனக்கு நின்ன மாதிரி எனக்கும் நின்னுரும்னு மட்டும் ஒருக்காச் சொல்லு. அது போதும், நான் தாலிக்குக் கழுத்தை நீட்டறேன்.

— நிக்கல சாமி. வர்ற மாதிரி இருந்தாக் காப்பிச் செடிக்குள்ள போயி உழுந்து எந்திரிச்சு வருவேன். இந்தக் கைத் தழும்பு கஞ்சி கொட்டுனதுன்னு சொன்னனே, அது அடுப்புல உழுந்தது. உங்கப்பனுக்கு இன்னும் தெரியாது. இந்தா, தாழ்ப்பாள எடுத்துட்டேன்... ஏங் கண்ணு தீபிகா, அந்த ஸ்கேனு எனக்கும் எடுப்பாங்களா?