ஆறு மணி நேர மெஷின்

— ஆறு மணி நேரமா?

— ஆறு, செஞோரா நேலிடா. கொஞ்சம் கூடவே ஆகும். காலையில காபி போடறப்ப துணியை மெஷின்ல போடறீங்கன்னு வெச்சுக்குங்க. மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் அது இன்னும் சுத்திட்டே இருக்கும். அந்தக் கிளிப்பை இப்படிக் குடுங்க.

— சுத்தட்டுமே. நான் மருந்துக்கடையில வேலைக்கு நிக்கற நேரத்துலதானே அது சுத்துது. அதுக்கா கால் வலிக்கப் போகுது?

— கேளுங்க. துவைக்கறது எட்டு கிலோ. காயவைக்கறது அஞ்சே கிலோ. துவைச்சு முடிஞ்சதும் பாதித் துணியை நீங்க வெளியில எடுத்தாகணும். இல்லேன்னா காயாது, வெந்துபோய்க் கிடக்கும். அந்த ஈரப் பாதியை எங்க போடுவீங்க?

— அஞ்சு கிலோ மட்டும் துவைப்பேன், தோன் ஃபெர்மின்.

— சரி, அடுத்ததுக்கு வரேன். இதைக் கேளுங்க. துவைக்கறதும் காயவைக்கறதும் ஒரே பெட்டிக்குள்ள. ஒண்ணு கெட்டா ரெண்டும் போச்சு. என் சலூன்ல கத்தியும் கத்தரிக்கோலும் ஒரே கைப்பிடியில இருந்தா என் பிழைப்பு என்ன ஆகும்?

— நீங்க ஒரே வாயாலதான் பேசறீங்க, சாப்பிடறீங்க. கெட்டா போச்சு?

— அது பழகின வாய், செஞோரா. சரி, அதை விடுங்க. என் கஸ்டமர் ஒருத்தர் இந்த மெஷினை வாங்கிட்டு என்ன பாடு படறார் தெரியுமா? சட்டை வெளியில வர்றப்ப சுருட்டி எறிஞ்ச காகிதம் மாதிரி வருதாம். அதுக்கப்புறம் இஸ்திரி போட ஒரு மணி நேரம். அதையும் சேர்த்தா ஏழு.

— முடிஞ்ச உடனே எடுத்து உதறினா அவ்வளவு கசங்காது.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கீங்க.

— வெச்சிருக்க வேண்டியிருக்கு. என் சமையலறையை நீங்க பார்த்ததில்ல. அடுப்பு ஒரு பக்கம், ஃப்ரிட்ஜ் ஒரு பக்கம், நடுவுல நான் திரும்பினா முழங்கை இடிக்கும். அங்க ஒரு மெஷின் நிக்கலாம். காயவைக்கறதுக்குத் தனியா இன்னொண்ணு வாங்கினா, நான் வாசல்ல நின்னுதான் சமைக்கணும்.

— ஒண்ணுகூட வேண்டாங்கறேன். மாடி எதுக்கு இருக்கு? இவ்வளவு பெரிய மொட்டை மாடி, காத்து...

— எது காத்து? அங்க பாருங்க. ஜூலை கடைசியில சுதந்திர நாளுக்கு ஏத்தின கொடி, ஆகஸ்ட் வந்தும் ஈரத்துல கம்பத்தோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. ஜூன்ல துவைச்ச என் கம்பளிக்கு இன்னும் ஈரவாடை போகலை. வீட்டுக்குள்ள காயப்போட்டா சுவரெல்லாம் கறுத்துப் போகுது. லீமாவுல இந்தக் குளிர்காலத்துல துணி துவைக்கறவளுக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை.

— நானும்தான் துவைக்கறேன். தினமும் கடைத் துண்டு ஒரு மூட்டை.

— அப்ப நீங்கதான் முதல்ல அந்த மெஷினை வாங்கியிருக்கணும். என் முழங்காலையும் பாருங்க. அஞ்சு மாடி, ஈரத்துணிக் கூடையோட.

— என்னைக் கூப்பிட்டா நான் தூக்கிட்டு வர மாட்டேனா?

— என் உள்பாவாடையெல்லாம் நீங்க தூக்கிட்டு ஏறுறதா? நாலாம் மாடியில கார்மேலா கதவைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்கா. ரெண்டு வருஷத்துக்குப் பேச அது போதும் அவளுக்கு.

— மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக் குடுங்க.

— சரி, நேராவே கேக்கறேன். நான் மெஷின் வாங்கினா உங்களுக்கு என்ன நஷ்டம், தோன் ஃபெர்மின்? ஒரு வாரமா மல்லுக்கட்டறீங்க.

— எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இந்த மாடியில என் துண்டுங்க மட்டும் தொங்கும். நானும் தண்ணித் தொட்டியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு நிப்போம். அப்பப்ப மூணாம் மாடிக்காரரோட நாய் வரும்.

— நாய் நல்ல துணைதானே.

— நாள் பூரா கடையில பேசறேன், செஞோரா. ஃபுட்பால், மந்திரி, சிக்கன் விலை. அதெல்லாம் என் வாய் பேசறது. இங்க வந்து இந்த அரை மணி நேரம் பேசறேனே, இதுதான் நான் பேசறது. நீங்க வர்றதை நிறுத்திட்டா இதுவும் நின்னுடும். அதான் நஷ்டம். கேட்டீங்க, சொல்லிட்டேன்.

— மெஷின்ல வேற என்ன குறைன்னு சொல்லுங்க.

— சுருங்கும். அந்தச் சூட்டுல பருத்தி நிச்சயமா சுருங்கும். உங்க வீட்டுக்காரர் சட்டைங்க எல்லாம்... அட, இன்னிக்குக் கூடையில அவர் சட்டை ஒண்ணையும் காணோமே.

— குடுத்துட்டேன்.

— யாருக்கு?

— மாதா கோயில்ல பழைய துணி வாங்கிக்கறாங்க. நேத்து சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். சட்டை, பேன்ட், எல்லாமே.

— எல்லாமேவா? அப்ப அவர்... மன்னிச்சுக்குங்க, செஞோரா. கேட்டிருக்கக் கூடாது. மனசு ஆறிடுச்சுன்னா நல்லதுதான். எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும்.

— என்ன தெரியும் உங்களுக்கு?

— நான் முடி வெட்டறவன். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஆம்பளைங்க கழுத்தைத்தான் பார்க்கறேன். கழுத்து பட்ட காலர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? வாராவாரம் துவைச்சுப் போடறீங்க. காலர்ல ஒரு மஞ்சள் இல்ல, ஒரு நைவு இல்ல. அந்த நீலச் சட்டை இந்தக் கொடியில தொங்கியே வெளுத்தது. யார் உடம்புலயும் போட்டு வெளுக்கலை.

— சுரங்கத்துல வேலை பார்க்கறார்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேனே.

— சுரங்கத்துலயும் முடி வளரும், செஞோரா. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என் கடைக்கு வந்தாரா? முதல்ல அவருக்கு வழுக்கைன்னு நினைச்சேன். அப்புறம் முனைச் சலூன்காரன்கிட்டப் போறார்னு நினைச்சு, அவன்கூட ரெண்டு மாசம் பேசலை. பாவம், அவன் இன்னும் காரணம் தெரியாம முழிக்கறான்.

— கடைசியில என்னன்னு முடிவு பண்ணீங்க?

— இறந்துட்டார்னு. அவர் போன பிறகும் அவர் சட்டையைத் துவைச்சு, காயவெச்சு, மடிச்சு வெக்கறீங்கன்னு. என்னை விட்டுட்டு மிலானுக்குப் போன என் பொண்டாட்டி, நான் உயிரோட இருக்கறப்பவே என் சட்டையில ஒரு பட்டன் தெச்சதில்ல. எனக்கு அந்த மனுஷன்மேல பொறாமையா இருந்தது. செத்தவன்மேல பொறாமைப்படறது எவ்வளவு கேவலம் பாருங்க. அப்படிப் பாசம் வெச்சிருக்கற மனுஷிகிட்ட நான் போய் என்ன சொல்ல முடியும்? தூறல் விழுந்தா உங்க துணியில முதல்ல அந்தச் சட்டைங்களைத்தான் எடுத்து உள்ள வெப்பேன்.

— கடவுளே.

— சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— எனக்கே தெரியலை. இந்தக் கிளிப்பைப் பிடிங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன்.

— தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?

— அந்தச் சட்டைங்க யாரோடதும் இல்ல, தோன் ஃபெர்மின். துணிச் சந்தையில நானே வாங்கினது. இருக்கறதுலயே பெரிய ஆளோட அளவு குடுன்னு கேட்டு வாங்கினேன்.

— எதுக்கு?

— மலைமேல தார்மாங்கற ஊர்ல எனக்கு ஒரு புருஷன் இருந்தான். நல்லாப் பாடுவான், நல்லாக் குடிப்பான், அப்புறம் கையை நீட்டுவான். ஒரு நாள் பொண்ணையும் அடிச்சான். அவளைக் கூட்டிட்டு பஸ் ஏறிட்டேன். இங்க வீடு பார்த்துக் குடுத்த அம்மா சொன்னாங்க, தனியா இருக்கற பொம்பளையோட கொடியில ஆம்பளைத் துணி தொங்கணும், தெருவுலேருந்து பார்த்தாத் தெரியற மாதிரிப் பெரிய துணியாத் தொங்கணும்னு.

— அவன் வந்தானா?

— ஒரு தடவை வந்தான். எதிர்ப்பக்கம் ரொட்டிக்கடை வாசல்ல நின்னுக்கிட்டு அண்ணாந்து இந்த மாடியையே பார்த்தான். நான் ஜன்னல் திரைக்குப் பின்னாடி நிக்கறேன். அன்னிக்கு நல்ல காத்து. பேன்ட் ரெண்டும் ஆள் நடக்கற மாதிரி ஆடுது. கொஞ்ச நேரம் பார்த்தான். போயிட்டான். அதுக்கப்புறம் ஒரு வாரம்கூட அதுங்களைத் தொங்கவிடாம இருந்ததில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஏறி வந்து தொங்கவிட்டேன். நீங்க அதைப் பாசம்னு நினைச்சிருக்கீங்க. அது பயம்.

— இப்ப அவன்?

— மே மாசம் செத்துட்டான். ஈரல் கெட்டுப்போச்சாம். அவன் அக்கா போன் பண்ணாங்க. அழணுமோன்னு உக்காந்திருந்தேன், வரலை. பழக்கதோஷத்துல அப்புறமும் அந்தச் சட்டையைத் துவைச்சுக்கிட்டே இருந்தேன். பொண்ணு அரெகிப்பாவுலேருந்து லீவுக்கு வந்தவ, இனிமே இதெல்லாம் யார் பார்க்கறதுக்கு, அம்மான்னு கேட்டா.

— அதான் மெஷின்.

— ஆமா. என் துணி யார் கண்ணுலயும் படாம என் வீட்டுக்குள்ளேயே காயணும்னு ஒரு ஆசை.

— வாங்குங்க, செஞோரா.

— என்ன?

— வாங்குங்கன்னேன். நான் சொன்ன குறையெல்லாம் உண்மைதான். ஆனா அதெல்லாம் நாலு பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு. ஒருத்தரோ ரெண்டு பேரோ இருக்கற சின்ன வீட்டுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்ல. கொஞ்சமாப் போடணும். அவசரப்படக் கூடாது. பஞ்சு அடைக்காம அப்பப்ப சுத்தம் பண்ணணும். கரண்டு இழுக்கும், ஆனா சுவர் கறுக்காது.

— இதையும் அந்தக் கஸ்டமர்தான் சொன்னாரா?

— கஸ்டமர்னு யாரும் இல்ல. நீங்க மெஷின் பேச்சை எடுத்த மறுநாளே கடையைச் சாத்திட்டு, மெஷின் விக்கற இடத்துக்குப் போனேன். இதுல என்னென்ன குறை, ஒண்ணு விடாம சொல்லுன்னேன். இப்படிக் கேட்டு வந்த ஆளைப் பார்த்ததே இல்லன்னு அவன் சிரிச்சான். குறையோட நல்லதையும் சொன்னான். அதை மட்டும் நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்.

— நான் மாடிக்கு வரணும்னு.

— நீங்க மாடிக்கு வரணும்னு.

— இப்ப மட்டும் ஏன் வாங்கச் சொல்றீங்க?

— ஒரு ஆள் கண்ணுல படணும்கறதுக்காக இத்தனை வருஷம் துணி தொங்கவிட்டீங்க. இனிமே எனக்காகவும் தொங்கவிடணுமா? வேண்டாம், செஞோரா. நீங்க கதவைச் சாத்திட்டு நிம்மதியா இருங்க. எனக்கு நாய் இருக்கு.

— நாய் பேசாதே.

— பழக்கிக்கறேன். இந்தப் போர்வையை மட்டும் போட்டுக் குடுத்துட்டுக் கீழ போறேன். அந்த மூலையைப் பிடிங்க.

— பிடிச்சுட்டேன்.

— என்ன செஞோரா இது, இப்படிச் சொட்டுது? முழங்கை வரைக்கும் நனைஞ்சு போச்சு எனக்கு. உங்க பழைய மெஷின் பிழியறதையே விட்டுடுச்சா?

— பழைய மெஷின் இல்ல. எடுத்துட்டுப் போயிட்டாங்க.

— யாரு?

— புதுசைக் கொண்டுவந்து வெச்சவங்க. அது வந்து ரெண்டு வாரமாச்சு.

— ரெண்டு வாரமா? அப்ப நேத்து தொங்கவிட்டது? முந்தாநாள் விட்டது? அந்த மெஷின் காயவைக்கறதே இல்லையா?

— நல்லாத்தான் காயவைக்குது. ஆறு மணி நேரம் ஆனதும் மொறுமொறுன்னு எடுத்துக் குடுக்குது. அதை மறுபடி வாளியில முக்கி எடுத்துக்கிட்டுத்தான் நான் மேல வரேன்.