உபரி விடைத்தாள்கள்

பென்சில் சீவுவதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முனை ஊசி மாதிரி இருக்கக் கூடாது, தாளைக் கிழிக்கும். மழுங்கியும் இருக்கக் கூடாது, வட்டத்தைத் தாண்டி அப்பும். பதினெட்டு வருடம் பள்ளியில் வழிகாட்டி ஆசிரியையாக இருந்து நான் கற்றது அது ஒன்றுதான் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். நீங்கள் கொடுத்திருக்கும் இந்தப் பேனாவும் பரவாயில்லை. கேட்டபடி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை திறனறித் தேர்வு எழுதுவார்கள். நூற்று இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டம், ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். தாள்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு மெஷின் அவற்றைப் படித்து, ஆறு வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் அனுப்பும்: நீ இந்தக் கல்லூரிக்குப் போகலாம், இந்த வேலை உனக்கு ஒத்துவரும். பெற்றோர் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறைதான். தேர்வு பன்னிரண்டு மணிக்கு முடியும். உறையை வாங்க வேன் மூன்றரைக்கு வரும். அதுவரை தாள்கள் என் அறையில் இருக்கும்.

முதல் வருடம் நான் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். ஒரு பெண் நாற்பத்தோராம் கேள்வியில் தடுமாறி, அதற்குப் பிறகு எல்லா விடைகளையும் ஒரு வரி தள்ளிக் கறுப்பாக்கியிருந்தாள். அப்படியே அனுப்பினால் அவள் கதி என்ன? உபரியாக வந்திருந்த தாள் ஒன்றை எடுத்து, சரியான வரிகளில் நிரப்பி உறையில் வைத்தேன். அவள் எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் உழைப்பை அழிப்பது தவறு. அதை அலமாரியில் பத்திரப்படுத்தினேன். கடைசிவரை இந்த ஒழுங்கை நான் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. எங்கள் பக்கத்தில் பல் மருத்துவர் கிடையாது. பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், எல்லாரும் 'வானொலி' என்று கூப்பிடுவார்கள், அத்தனை பேச்சு. அவள் தாளை அப்படியே விட்டிருந்தால் மொழித்துறைக்குத்தான் போயிருப்பாள். எந்த வட்டம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதற்குள் எனக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. பல் மருத்துவத்துக்கு நிரப்பினேன். எல்லாரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் பேச முடியாமல் அவள் சொல்வதைக் கேட்டே தீர வேண்டும். இதைவிடப் பொருத்தம் உண்டா? இப்போது அவள் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கை மிகவும் சுத்தம்.

அதன் பிறகு வருடத்துக்கு ஏழு எட்டு. உபரித் தாள்கள் அவ்வளவுதான் வரும். இல்லாததை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். எந்நேரமும் பறவை வரைந்துகொண்டிருந்த ஒரு பையனை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். நல்ல பையன், கூப்பிட்ட அன்றே வருவான். போன தடவை மெஷின் அறைச் சுவரில் கிரீஸாலேயே ஒரு கொக்குக் கூட்டம் வரைந்துவிட்டுப் போயிருந்தான். வெள்ளையடிக்கச் சொன்னேன்.

மாடி வீட்டுப் பையன் டிரம் வாசிப்பான். காலை, மாலை, ஞாயிறு முழுநாள். அவனுக்குக் கப்பல் எஞ்சின் வேலை வந்தது. வழியனுப்பிய அன்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் டீச்சர் இவனுக்கு ஒரு வழி பிறந்துச்சு" என்றார். மறுக்கவில்லை. அவன் கடைசியாக வீட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறது. அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்கிறார். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

ஒன்பதாவது வருடம் என் மகள் தேர்வு எழுதினாள்.

சொந்தப் பிள்ளை எழுதும் ஹாலில் நாம் கண்காணிப்பாளராக நிற்கக் கூடாது. நான் நிற்கவில்லை, விதி விஷயத்தில் கண்டிப்பானவள். பன்னிரண்டரைக்கு அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். கணக்குப் பகுதியில் நாற்பதுக்கு நாற்பது. மெஷின் என்ன சொல்லும் என்று தெரியும். விமானப் பொறியியல். அந்தக் கல்லூரிக்கு ரயிலில் இரண்டு நாள். இவளோ சளி பிடித்தால் ஒரு வாரம் இருமுவாள். குடையை எங்கேயாவது விட்டுவிட்டு வருவாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நூற்று இருபது வட்டங்களையும் நிதானமாக நிரப்பினேன். என் கையால் அதைவிட அழகாக ஒரு தாள் நிரப்பியதில்லை.

ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, கணக்குல ஒன்பதுதானாம். நான் நல்லாத்தான் எழுதினேன்."

"பதட்டத்துல தப்பாயிருக்கும். மெஷினுக்கு உன் மேல என்னடி கோபம்?"

"திரும்ப எழுத முடியாதா?"

"ஒரு தடவைதான் கண்ணு."

அன்று மாலை தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த விமானப் படங்களை அவளே எடுத்தாள். ஓரம் கிழியாமல், ஒவ்வொன்றாக. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். பிறகு உள்ளூரில் படித்து, எங்கள் பள்ளி அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தாள். நான்கரை மணிக்கு இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடப்போம். எத்தனை அம்மாக்களுக்கு அது வாய்க்கிறது, சொல்லுங்கள்.

சென்ற மாதம் என் அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்கள். அலமாரியைக் காலி செய்யும் வேலையை அலுவலகத்திடம் விட்டார்கள். வகுப்பு முடிந்து நான் வந்தபோது என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தாள்களை வருடவாரியாக அடுக்கியிருந்தாள். ஒன்று மட்டும் கையில்.

"இது நான் எழுதினதுதானே?"

"ஆமா."

"அப்போ மெஷினுக்குப் போனது?"

"அது நான் எழுதினது. மத்தியானம் சாப்பிட்டியா?"

அவள் அந்தத் தாளையும் அடுக்கில் அதற்குரிய வருடத்தில் வைத்தாள். அன்று தனியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். ஐந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து உங்கள் விசாரணைக் கடிதம் வந்தது.

புகார் கொடுத்தவர் பெயரை மறைத்து எனக்கு நகல் காட்டினீர்கள். அதற்கு அவசியமே இல்லை. நூற்று இருபத்திரண்டு தாள்களையும் மாற்றியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்தப் புகாரை நீங்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். நான்கு பக்கம். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண், வருடம், இணைப்புப் பட்டியல். மூன்றாம் பக்கம் முழுக்க ஏதோ நிகழ்தகவுக் கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதை மட்டும் விட்டிருக்கலாம். மற்றபடி இப்படி ஒரு கோப்பை உங்கள் அலுவலகத்திலேயே யாராலும் தயாரிக்க முடியாது. எழுத்தர் வேலைக்கு ஏற்றவள் என்று அன்றைக்கு நான் நிரப்பியதில் என்ன பிழை கண்டீர்கள்?