கோட்டை மலைக்குப் பின்னால் பொழுது

“சீமையில இந்த மாசம் ராத்திரி ஒம்பதரைக்குத்தானுங்க பொழுது உழுகும். அதுவரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது.”

மாலை நேர ஈரோடு பேருந்தில், எனக்கு முன் இருக்கையில், இங்கிலாந்து நெசவாலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த பாய் சொன்னார். பக்கத்திலிருந்த விவசாயி மடியில் வாழைப்பழச் சீப்பு.

“மில்லுல வேலை நேரத்துல எப்படீங்க நோன்பு தொறப்பீங்க?”

“வெள்ளைக்கார மேஸ்திரியே என் தறியைப் பாத்துக்குவாருங்க. ஒரு நா பொழுது போயிருச்சுன்னு தண்ணியோட ஓடியாந்தாரு. எட்டிப் பாத்தா, சூரியன் புகைபோக்கிக்குப் பின்னால நிக்குது!”

“வெள்ளைக்காரனுக்குப் பொழுது பாக்கத் தெரியலீங்க. இன்னிக்கு நான் பாத்துச் சொல்றேன், நீங்க சும்மா உக்காருங்க.”

விவசாயி ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சங்ககிரி நெருங்கியதும் ஒரு பழத்தை உரித்து நீட்டினார்.

“போயிருச்சுங்க பாய், தின்னுங்க!”

பாய் பழத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதே பேருந்து கோட்டை மலையைத் தாண்டியது. அவர் முகத்தில் பளீரென்று வெயில் அடித்தது. பேருந்தே சிரித்தது, பாய்க்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர்.

விவசாயி எழுந்து நின்று கத்தினார்:

“ஏனுங்க டிரைவரே! மலை வரைக்கும் வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க சாமி!”