ஏழாம் நம்பர் தட்டு

– மேல போய் உக்காந்து பேசலாமேண்ணே. இங்க படிக்கட்டுல போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்குறாங்க.

– பாக்கட்டுமே தங்கச்சி. மேல வீடு கலைஞ்சு கெடக்கு. மூணாவது மாடி வேற. லேப்ல நாள் பூரா நின்னுட்டு வர்ற ஆளை எதுக்கு ஏறவிடணும்? இந்த ரெண்டாவது படியில உக்காருங்க. கீழ்ப்படி ஈரம், பாத்துக்கங்க.

– இன்னிக்கு நிஜமாவே முடியலண்ணே. பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். அண்ணி எங்க?

– மேலதான். கூப்பிட்டா எறங்கி வருவா. எதுக்கு இவ்வளவு தூரம்? எப்பவும் வியாழக்கிழமையானா போன்லதானே கேப்பீங்க, முட்டி எப்படி இருக்கு, பத்துக்கு எத்தனை வலின்னு. நான் ஒண்ணும்பேன், ரெண்டும்பேன். வேலை முடிஞ்சுது.

– இது போன்ல சொல்ற விஷயம் இல்ல. ஒரு கையெழுத்து வேணும். அதுக்கு முன்னாடி, அதாவது, நான் பண்ணின தப்பைச் சொல்லணும்.

– நீங்களா? தப்பா?

– உங்க முட்டிக்குள்ள என்ன வெச்சோம்னு ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? சாரத்துலேருந்து விழுந்து முட்டிக் குருத்தெலும்பு பிஞ்சுபோச்சு. இடுப்பெலும்புல ஊசி எறக்கி செல் எடுத்தீங்க. யப்பா, அந்த ஊசி! அதை ஒரு பஞ்சுத் துண்டுல விட்டு வளத்து, அந்தப் பஞ்சை முட்டியில வெச்சாங்க. நீங்கதானே சொன்னீங்க? "நீங்க பெயின்ட் அடிக்க சாரம் கட்டுவீங்கள்ல, அந்த மாதிரிண்ணே. பஞ்சுதான் சாரம், உங்க செல்லுதான் வேலையாளுங்க. வேலை முடிஞ்சா சாரம் தானாவே கரைஞ்சுடும்"னு. கேக்குறவன்கிட்ட எல்லாம் இதைத்தான் சொல்லிட்டுத் திரியுறேன்.

– உங்க செல் வளந்தது லேப்ல ஏழாம் நம்பர் தட்டுல. அதாவது, ஒவ்வொரு தட்டுக்கும் ஜோடியா இன்னொண்ணு வெப்போம். அதே பஞ்சுதான், ஆனா செல் கிடையாது. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு.

– சரி.

– ரெண்டுக்கும் நாள் விட்டு நாள் பழைய சத்துத் தண்ணியை உறிஞ்சிட்டுப் புதுசு விடணும். மூணு வாரம், ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது. ரெண்டும் ஒரே ரோஸ் தண்ணியிலதான் கெடக்கும். வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

– அதுக்குத்தானே நம்பர் போடுறது.

– போட்டேண்ணே. தட்டுல போட்டிருக்கணும். நான் மூடியில போட்டேன்.

– அதனால என்ன?

– ஒவ்வொண்ணாத்தான் திறக்கணும். என்னிக்கோ ஒரு நாள் அலுப்புல ரெண்டையும் ஒண்ணாத் திறந்திருக்கேன். மூடும்போது மூடி மாறிப்போச்சு. அவ்வளவுதான். ஆபரேஷன் அன்னிக்கு ஏழுன்னு போட்ட மூடியைப் பாத்துக் குடுத்து அனுப்பினேன். மிச்சமிருந்ததைக் கெடாம இருக்க மருந்து ஊத்தி ஃபிரிட்ஜுல வெச்சுட்டு மறந்துட்டேன். வெறும் பஞ்சை யாரு சீண்டுவாங்க? போன வாரம் ஃபிரிட்ஜைச் சுத்தம் பண்ணும்போது, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி சும்மா சாயம் விட்டுப் பாத்தேன். செல் இருந்தா ஊதாவாகும். மொத்தப் பஞ்சும் ஊதா.

– அப்ப என் ஆளுங்க அங்கயே நின்னுட்டாங்க.

– ஆமாண்ணே.

– என் முட்டியில?

– சாரம் மட்டுந்தான். ஆளே இல்ல.

– அஞ்சு மாசமா வெறும் சாரமா!

– திட்டுங்கண்ணே.

– திட்டி என்ன ஆகப்போகுது? டாக்டருக்குத் தெரியுமா?

– வேலை போனாப் போகுதுன்னு போய்ச் சொன்னேன். மனுஷன் சேரை விட்டு எந்திரிச்சுட்டார். கோவத்துல இல்ல, சந்தோஷத்துல! "வெறும் பஞ்சை வெச்சே அவர் நடக்குறாரா? அப்ப உடம்பே தன் ஆளைக் கொண்டாந்து நிரப்பிக்குது! இனிமே ஊசி வேணாம், மூணு வார வளர்ப்பு வேணாம்"னுட்டார்.

– படம் எடுத்துப் பாக்காமலேவா?

– ஸ்கேன் ஆறு மாசத்துலதான். இப்ப அஞ்சுதான் ஆச்சு. அவருக்கு அதுவரைக்கும் பொறுக்கல. உங்க வலி நம்பரே போதுமாம். அடுத்த வாரத்துலேருந்து ஒன்பது பேருக்கு வெறும் பஞ்சுதான் வெக்கப்போறாங்க. அதுக்குத்தான் கையெழுத்து. அதுல, "நடந்த தப்பு எனக்குத் தெரியும், ஆனா நான் வலி இல்லாம நடக்குறேன், மாடி ஏறுறேன்"னு எழுதியிருக்கு.

– யாரு அந்த ஒன்பது பேரு?

– ஒரு நர்ஸ், ஒரு தபால்காரர், நீளம் தாண்டுற ஒரு ஸ்கூல் பொண்ணு...

– அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?

– பதினாறு. ஏண்ணே?

– ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

– எனக்கு ஒரே ஆறுதல், தப்பு நடந்தும் நீங்க நடக்குறீங்களே, அதுதான். வியாழக்கிழமை நீங்க "ஒண்ணு"ன்னு சொல்றப்பதான், இந்த வேலையில கெடந்து சாகுறதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குன்னு தோணும். இந்தாங்க பேனா.

– தங்கச்சி, நீங்க மொத மொத போன் பண்ணினப்ப நான் "எட்டு"ன்னேன். ஞாபகம் இருக்கா?

– இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது வாரம்.

– அப்புறம், "நாந்தான் சரியா வளக்கலியோ"ன்னு கேட்டீங்க. குரலே உடைஞ்சுபோச்சு.

– அடுத்த வாரமே அஞ்சுன்னீங்க. அப்புறம் மூணு. அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு.

– அதான். அந்தக் குரலை இன்னொரு தடவை கேக்க எனக்கு மனசு வரல, பாத்துக்கங்க.

– என்னண்ணே சொல்றீங்க?

– பேனாவை உள்ள வெச்சுட்டு, எந்திரிச்சு இந்தப் படிக்கட்டுக்கு அடியில எட்டிப் பாருங்க. ஒரு படுக்கை சுருட்டி வெச்சிருக்கும். அஞ்சு மாசமா நான் அங்கதான் படுக்குறேன்.