பதினொன்றாம் தடத்தில் ஆளே இல்லை

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்திரண்டு. பேருந்து ஓட்டுநர். நிதானமாக ஓட்டுவதால் பணிமனையில் என்னை ‘ஆமை’ என்று அழைப்பார்கள்.

சென்ற திங்கட்கிழமை காலை மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் புதிய கணினித் திரையைக் காட்டினார். எந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதை அது கோடு போட்டுக் காட்டும். நான் ஓட்டும் பதினொன்றாம் தடத்தின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. “உங்க வண்டியில காத்துதான் போகுது. வெள்ளிக்கிழமையோட நிறுத்திடலாம்” என்றார். தையல் ஆலைப் பெண்களால் தினமும் நிற்கவும் இடமிருக்காது என்று சொன்னேன். அவர் திரையையே காட்டினார்.

அதன் பிறகு என் வண்டியின் நடத்துநர், அதாவது என் மனைவியின் தம்பி, காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண்கள் எல்லோரிடமும் மாதாந்திர பாஸ் உண்டு. டிக்கெட் அடித்தால்தான் கணினிக்குக் கணக்கு. “கம்ப்யூட்டர் பொய் சொல்லலை மாமா, அதுகிட்ட யாரும் சொல்லவேயில்லை” என்றார். மனு கொடுத்தோம். பதில் இல்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை 7.40 மணிக்கு, பயணிகளிடம் விவரம் சொல்லி, வண்டியை ஆலைப் பக்கம் திருப்பாமல் பணிமனைக்குள் விட்டேன். யாரும் தூண்டவில்லை. “வேலை போயிடும் மாமா” என்று மைத்துனர் தடுத்தது உண்மை. “விடுங்கண்ணே, பாத்துக்கலாம்” என்று பெண்கள் சொன்னதும் உண்மை.

அதன் பிறகு மேலாளர் ஜன்னல் வழியே கூட்டத்தைப் பார்த்துக் கலவரம் என்று எண்ணிக் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். நான் மாடிக்குப் போய், “சார், வண்டியில வந்த காத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்க” என்றேன். இறங்கி வந்து எண்ணினார். இரண்டு முறை கணக்குத் தப்பியது. பயணிகளில் மூத்த அக்கா ஒருவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கொடுத்தார். அறுபத்தேழு பேர். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பிறகு கணினிப் பிரிவுப் பெண், பாஸையும் டிக்கெட் இயந்திரத்தில் பதிய வழி செய்தார். காவலர்கள் வந்தபோது மேலாளர் ஆலைக்குத் தாமதக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அன்று மாலை அவரே என் வண்டியில் ஏறினார். உட்கார இடம் கிடைக்கவில்லை. வரும் திங்கள் முதல் அந்தத் தடத்தில் இரண்டு வண்டிகள்.

அனுமதியின்றித் தடம் மாறியதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வருந்துகிறீர்களா என்று விசாரணை அதிகாரி ஐயா கேட்டதற்கு, அறுபத்தேழு பேரை ஆலைக்கு நாற்பது நிமிடம் தாமதமாகக் கொண்டு சேர்த்ததற்கு மட்டும் வருந்துகிறேன் என்று சொன்னேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதே இது. கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை.

(ஒப்பம்)